கலீல் பாயின் நாக்கு

காரின் பானட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த கலீலுல்லா, சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நின்று, இது மட்டும் கழன்றால் வண்டி இருமி இருமியே நின்றுவிடும் என்று அவர் தொட்டுக் காட்டிய ரப்பர் ஓஸ் குழாய், கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. முதலில் பேட்டரி டெர்மினல் லூசாகலாம் என்றார். அடுத்த ஞாயிறு லூசாகியிருந்தது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் போகலாம் என்றார். அது பாதி வெளியே வந்து நின்றது. இப்போது ஓஸ்.

வண்டி பரசுராமனுடையது. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். மாதவரத்தில் ஒரு பழைய வண்டி யார்டில், இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்துக் கிடந்த சிவப்பு வண்டியைப் பார்த்ததும் அவனுக்குக் கால் நகரவில்லை. மெக்கானிக் கலீலுல்லாவைக் கூட்டிப்போய்க் காட்டினான்.

அவர் முப்பது வருடம் லாரி இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தியவர். காதை வைத்துச் சத்தம் கேட்டார், ஆயிலைத் தொட்டு முகர்ந்தார், இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் பரசுராமன் வாங்கினான்.

கல்மண்டபத்துச் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது சைடு கண்ணாடிகளை மடக்கியும் இருபுறமும் ஒரு சாண்தான் மிச்சம்; வீட்டு வாசலில்தான் சந்து கொஞ்சம் அகலம். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் மனைவி அன்புக்கரசி மட்டும் வாசலை விட்டு இறங்கவில்லை. பின் சீட்டை எட்டிப் பார்த்து, இதில் டிபன் கேரியர் உட்காரும், என் பொண்ணு மதி எங்கே உட்காருவாள் என்று கேட்டாள். ஒழுங்காக ஓடவில்லையென்றால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து பரசுராமனின் ஞாயிற்றுக்கிழமைகள் காருக்கடியில் கழிந்தன. முன்பெல்லாம் காலை டிபன் முடிந்ததும் தோஸ்து ராமதாஸோடு கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் தலை தெரியும். இப்போது துணி துவைக்கிற பேசினில் பழைய ஆயிலை இறக்குவதும், பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதுமாக வீட்டோடு கிடந்தான். மதியம் புருஷன், பெண்டாட்டி, பெண் மூன்று பேரும் கார் நிழலிலேயே உட்கார்ந்து வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டார்கள்.

அவனால் முடியாதபோது கலீலுல்லாவுக்கு ஆள் வரும். அவர் பானட்டில் தலையை விட்டதும் அன்புக்கரசி கைகட்டிப் பக்கத்தில் வந்து நிற்பாள். என்ன கெட்டது, அடுத்து என்ன கெடும் என்று வக்கீல் மாதிரிக் கேட்பாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றக் கூடாது, எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்பாள். வாக்குக் கொடுத்த பாவத்துக்கு அவரும் ஒன்றுவிடாமல் விளக்குவார். அடுத்த வாரம் அது அப்படியே நடக்கும்.

சந்து முனையில் போகிற கன்டெய்னர் லாரிகளின் அதிர்வில்தான் எல்லாம் கழன்றுவிடுகின்றன என்பது பரசுராமனின் கட்சி. கலீலுல்லாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. வீட்டில் மனைவி பதுருன்னிசாவிடம் சொல்லிப் புலம்பினார். அவள் ஆச்சரியமே படவில்லை. மிக்ஸி புகையும் என்று அவர் சொன்ன மறுநாளே அது புகைந்ததை நினைவுபடுத்தி, அந்த நாக்கை இனிமேல் அடக்கி வைத்தால் ஊருக்கு நல்லது என்றாள்.

அதனால் இன்று அவர் வாயே திறக்கவில்லை. ஓஸைச் சொருகி, புது கிளிப் போட்டு முடுக்கினார். பேட்டரி, ஃபியூஸ், பெல்ட் எல்லாவற்றையும் ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணும்படி சைகை காட்டினார்.

இன்ஜின் ஒரே அடியில் பிடித்தது. அது உறுமிய உறுமலில் மாடியில் காய்ந்த பாவாடைகூட நடுங்கியது. பரசுராமன் அங்கேயே நின்று ராமதாஸுக்கு போன் போட்டான். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் மகாபலிபுரம், நீயும் நானும்தான் என்று சொல்லிவிட்டு, உடம்பெல்லாம் பூசியிருந்த கிரீஸைக் கழுவப் பாத்ரூமுக்கு ஓடினான்.

அன்புக்கரசி டீ கொண்டுவந்தாள். அடுத்து எது கழலும் என்று கேட்டாள். கலீலுல்லா டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் குடித்தார். அவள் பானட்டுக்குள் ஒரு கறுப்பு டப்பாவைக் காட்டி, இது என்ன என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பக்கத்தில் இருந்த ஒயரைக் காட்டினாள். அவரால் தாங்க முடியவில்லை.

"வாணாம் தங்கச்சி. என்து கருநாக்கு. நான் எத்தச் சொன்னாலும் அது புட்டுக்குது. இனிமே இந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அன்புக்கரசியின் முகம் வாடிப்போனது. பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னா பாய், இப்டி கவுத்துட்ட? வண்டி ஓடுச்சின்னா அந்த மனுசன் ஞாயித்துக்கெழமைல வூட்ல தங்குவாரா? நீ சொல்லிக் குடுக்காம நான் எத்தக் கழட்டறது?"