உரிமையாளர் வராததன் காரணம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை 9.40. மேகம் இல்லை, காற்றும் இல்லை. சாலையில் தார் சுடத் தொடங்கியிருந்தது.

மாவட்ட நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற கடைசி வண்டி அது. ஒரு பழைய மொபெட்.

பதினொரு மணிக்குத் தீர்ப்பு. மூன்று காவலர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போகிறார்கள். அதற்குள், சுற்றி இருநூறு மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. நிறைவேற்றும் பொறுப்பு, போக்குவரத்துத் தலைமைக் காவலரான அவளுடையது.

இழுவை வண்டியின் ஓட்டுநர் மொபெட்டின் சீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"மேடம், இதத் தூக்குனா பாதி கீழயே நின்னுடும். பேசாம குப்பை லாரிக்குப் போன் போடுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தூக்கினார்கள். அவள் கைக்கருவியில் எண்ணைப் பதிந்தாள். படம் எடுத்தாள். கருவி ஒரு பெயரைக் காட்டியது.

தூக்கிய வண்டியைக் கொண்டுபோகும் முன் உரிமையாளரை ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குள் டவாலி சாட்சிகளைப் பெயர் சொல்லி அழைப்பதைப் போல.

"வண்டி எண் நான்கு ஏழு ஒன்று ஆறு. தி. மதியழகன். எங்கிருந்தாலும் உடனே வரவும்."

வாசலில் கேமராக்களுடன் நின்றவர்கள் திரும்பினார்கள்.

இரண்டாம் முறை அழைத்தாள்.

பேச்சு நின்றது.

மூன்றாம் முறை அழைத்து முடித்தபோதுதான், அந்தப் பெயரை எங்கே படித்தோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. காலையில் கையில் தரப்பட்ட பணி ஆணையின் முதல் வரி. மதியழகன் மரண வழக்கு, தீர்ப்பு நாள் பாதுகாப்பு.

ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. அவள் மூச்சு தெரு முழுவதும் கேட்டது.

நுழைவு வரிசையிலிருந்து ஒரு முதியவர் விலகி வந்தார். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

"அவன் வரமாட்டாம்மா. நான் அவன் அப்பா. நான் வந்தாக் குடுப்பீங்களா?"

விசாரணை முடிந்து, மாலை 6.40க்கு மதியழகன் காவல் நிலையத்திலிருந்து தாமாகவே வெளியேறினார். ஏழு ஆண்டுகளாகத் துறை சொல்லிவரும் ஒரே பதில் அது.

உடல் வாய்க்காலில் கிடைத்தது.

வண்டி நிலைய வாசலிலேயே நின்றிருந்தது. அதை யாரும் சாட்சியமாகக் குறிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தந்தை உருட்டிக்கொண்டு போனார்.

கருவியில் பதிந்த வண்டியை இறக்க விடுவிப்புச் சீட்டு வேண்டும். அதில் ஆய்வாளரின் கையொப்பம் வேண்டும். உரிமையாளர் நேரில் வரவில்லை என்றால், காரணத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது.

அந்தக் கட்டத்தில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் எழுதுவார்கள். வெளியூர்.

யாரும் சரிபார்த்ததில்லை.

அவள் சீட்டுப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். 'வெ' என்று எழுதினாள்.

முதியவர் வண்டியைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அந்த எழுத்தை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்.

காவல் நிலையத்தில் இறந்துவிட்டார்.

அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பம் இட்டாள்.

ஆய்வாளர் ஜீப்பில் இருந்தார். கைபேசி காதுக்கும் தோளுக்கும் இடையில். காலையிலிருந்து பதினாறு சீட்டுகளில் கையொப்பம் இட்டிருந்தார்.

அவள் புத்தகத்தை நீட்டினாள்.

"கான்வாய் எங்கய்யா வருது?" என்று கைபேசியில் கேட்டுக்கொண்டே பதினேழாவதிலும் இட்டார். முத்திரையைக் குத்தினார். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, ஒரு கணம் அவர் கை அதை விடவில்லை.

"யாரும்மா இது?"

"மொபெட், ஐயா."

"சீக்கிரம் எடுக்கச் சொல்லு."

விட்டார்.

மணி 10.25. வரிசை உள்ளே நகரத் தொடங்கியிருந்தது. முதியவர் அதே இடத்தில் நின்றார்.

அவள் கார்பன் தாளைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் விழுந்திருந்தது. கையொப்பம், முத்திரையின் அழுத்தம், அடித்த எழுத்து, கீழே அவளுடைய பெயரும் பணி எண்ணும்.

நகலைப் புத்தகத்திலேயே விட்டாள்.

மூலத்தைக் கோடு பார்த்துக் கிழித்து, இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தாள்.

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பின்னால் வண்டியை இறக்கிவைத்தார்கள். அவர் திரும்பவில்லை.