மாவில் ஐஸ் தண்ணீர்

"பஜ்ஜி மாவுல யாராவது ஐஸ் தண்ணி ஊத்துவாங்களா?" என்று அடுப்படியில் பதறினாள் ரோசம்மாள்.

"ஜப்பான்ல இப்படித்தாம்மா, மொறுமொறுன்னு வரும். வந்தவங்களை நீ போய்க் கவனி."

பாலக்கரையிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள் ஒரு பஜ்ஜி மிச்சம் வைக்கவில்லை.

"பிரமாதம்! யார் போட்டதுங்க?" என்றார் பெரியவர் அற்புதசாமி.

உண்மை தெரிந்தால் சிரிப்பார்களே என்று ரோசம்மாள் முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க."

அதற்குள் சுடச்சுட அடுத்த தட்டோடு வந்து நின்றான், ஃபேக்டரி டிரெயினிங்குக்கு ஜப்பான் போய்வந்த அவள் மகன், மாப்பிள்ளை தைரியராஜ். மீசையெல்லாம் மாவு.

ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அற்புதசாமி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு பேட்ரிசியாவுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதுங்க. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நேரம் முழிச்சிட்டிருந்தேன்!"