இன்னொரு கோட்டிங்

சாப்பாட்டு அறைச் சுவரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று பெயிண்ட் அடித்துவிட்டுப் போன சுவர். இப்போது அதில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கரிக் கைகள். பெரிய கை, சின்னக் கை, சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒரு குட்டிக் கை.

அதற்கு முந்தின வாரம் சேறு. அதற்கும் முன்னால், யாரோ பந்தைச் சகதியில் நனைத்து நனைத்து அடித்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லத்தில் ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வந்த குடும்பம், ஒரு மாதமாக அந்த ஒரே சுவரைக் கட்டிக்கொண்டு அழுதது.

குடும்பம் என்றால் மூன்று பேர். அவள், அவள் கணவர், ஒரே மகன். கணவர் ஆடிட்டர். மகனோ, அப்பா சேர்த்துவிட்ட கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிள் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அற்றுப்போனது. “அவனைச் சாப்பிட வரச் சொல்லு”, “பசிக்கலைன்னு சொல்லும்மா” என்று ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லி அனுப்புவார்கள். நடுவில் தபால்காரி வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

சேர்ந்து நின்று நாலு பேருக்கு ஒரு வேலை செய்தால் மனசு இளகாதா என்ற நப்பாசையில்தான் இரண்டு பேரையும் இங்கே இழுத்து வந்தாள். கேட்டவர்களிடம், ஆதரவில்லாத பிள்ளைகளுக்காகச் செய்கிறோம் என்றாள். அதுவும் பொய்யில்லை.

இளகியதா? எங்கே. முதல் நாள் அரை மணி நேரம் “ஏணியைப் பிடிக்கச் சொல்லு” என்று இங்கேயும் தபால் ஓடியது. அப்புறம் பெயிண்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதில் நேரடியாகவே முட்டிக்கொண்டார்கள். ஏணியை எங்கே சாய்ப்பது, பிரஷ்ஷா ரோலரா, மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா, எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். வீட்டில் மௌனம், இங்கே சண்டை. தலைவலி மட்டும் இரண்டு இடத்திலும் அவளுக்கு.

இன்றைக்கும் கரியைத் துடைத்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“இவ்வளவு தண்ணியா? எல்லாம் வழியப் போகுது.”

“வழியாதுப்பா. போன தடவை வழிஞ்சுதா?”

“போன தடவை கலந்தது நான்.”

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த துணியை வாளியில் வீசிவிட்டு நேராக இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாவிடம் போனாள். இன்றோடு சரி, இனிமேல் நாங்கள் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறோம், பெயிண்ட்டும் எங்களுடையது, நன்றி வேண்டாம், இப்படி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதாதா என்று பொரிந்து தள்ளினாள்.

பொறுப்பாளர் அம்மாவுக்கு முகம் தொங்கிப்போனது. போன தடவை சேறு பூசினதற்காக இந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளின் சாயங்கால விளையாட்டையே நிறுத்தி வைத்திருந்ததாகச் சொன்னாள். அப்படியும் கேட்கவில்லையே என்று நொந்துகொண்டே எல்லாரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தாள்.

யார் செய்தது என்று கேட்டதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ‘வாலு’ என்று எல்லாரும் கூப்பிடும் பெண் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கையைக் காட்டு” என்றாள் பொறுப்பாளர் அம்மா.

நீட்டினாள். நகக்கண் எல்லாம் கரி. அவளைத் திட்டுவதற்குள் பக்கத்தில் நின்ற பையன் தன் கையையும் நீட்டினான். அடுத்து இன்னொன்று. வரிசை முழுக்க ஒவ்வொரு கையாக முன்னால் வந்தது. எல்லாவற்றிலும் கரி.

பெயிண்ட் அடிக்க வந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை.

“எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சீங்களா? எங்களைப் பிடிக்கலைன்னா, வராதீங்கன்னு சொல்லியிருக்கலாமே. அதுக்கு எதுக்கு இந்த வேலை?”

வாலு அவசரமாகத் தலையை ஆட்டினாள். “பிடிக்கும் ஆன்ட்டி.”

“பிடிச்சா இப்படிப் பண்ணுவாங்களா?”

வாலு பொறுப்பாளர் அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அங்கிளும் அண்ணாவும் காரிலிருந்து இறங்கும்போது பேசுவதில்லை, திரும்பிப் போகும்போதும் பேசுவதில்லை, பெயிண்ட் அடிக்கும்போதுதான் பேசுகிறார்கள் என்றாள். வாராவாரம் ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

“அதுக்குப் பேரு பேச்சா? சண்டை.”

“சண்டைதான். ஆனா உங்ககிட்ட சொல்லி விடாம அவங்களே போட்டுக்கறாங்கல்ல?”

உள்ளேயிருந்து, ஏணியை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துடா என்று கணவரின் குரல் கேட்டது. நகர்த்திவிட்டேன், பார்த்து ஏறுங்கள் என்று மகன் கத்துவதும் கேட்டது.

வாலு கரிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சுவர் முடிஞ்சு போச்சுன்னா, அவங்க வேற எங்க ஆன்ட்டி பேசுவாங்க?”