கடை எப்படிப் போகுது மச்சான்?

சிதம்பரம் கீழவீதியில் அந்த ஜவுளிக்கடை வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் மணவாளனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சுப்பராயலு. அக்கா மலர்க்கொடியின் புருஷன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கும்பிட்டு அழைத்துக்கொண்டிருந்தார்.

'அப்போ ஊர்ல பேசிக்கிட்டது நெசம்தான். காம்ப்ளெக்ஸ்காரங்க இவருக்கு இங்க கடை வச்சிக் குடுத்திருக்காங்க.'

கடலூர் முதுநகரில் கடைத்தெருவை இடித்துப் புதிதாக ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டப்போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்தபோது, மாமாவும் மச்சானும் அந்தத் தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள். மாமாவுடையது ஜவுளிக்கடை. அதன் பக்கச் சுவரை ஒட்டிக் கூரைச் சாய்ப்பு இறக்கி மணவாளன் ஃபேன்சி ஸ்டோர் போட்டிருந்தான்.

"கப்பல் வரத்து நின்னதுலேருந்து படுத்துக் கிடக்கிற ஊரு. காம்ப்ளெக்ஸ் வந்தா எழுந்து உக்காந்துடும் பாருங்க" என்றார்கள் கட்ட வந்தவர்கள்.

எல்லாருக்கும் இடம் உண்டென்று உறுதி சொன்னால்தான் காலி செய்வோம் என்று தெருவே ஒன்றாக நின்றது. மாமா மட்டும் ஒருநாள் காலையில் சரக்கை லாரியில் ஏற்றி, அக்காவையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அதோடு கட்டு உடைந்தது. ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள்.

"கூட இருந்தே கழுத்தறுத்துட்டாரு! இவரு எனக்கு மாமாவே இல்ல!" லாரிக்குப் பின்னாலேயே போய்த் தெரு கேட்கக் கத்தியவன் மணவாளன்தான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை.

காம்ப்ளெக்ஸில் மணவாளனுக்கு மாடியில் ஒரு கடை கிடைத்தது. மேளதாளத்தோடு திறந்தார்கள். ஆரம்பத்தில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மறுபடி வரவில்லை. ஜனங்கள் எப்போதும்போல் பஸ் ஏறித் திருப்பாதிரிப்புலியூர் போய்த்தான் சாமான் வாங்கினார்கள். ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது. போன மாதம் மணவாளனும் இறக்கிவிட்டான்.

"சிதம்பரத்துல ஒரு ஜவுளிக்கடையில ஆளு கேக்குறாங்க. நான் சொல்லி வைக்கிறேன், போய்ப் பாரு" என்று சிநேகிதன் சார்லஸ் அனுப்பியிருந்தான். விசாரித்து வந்தால், இந்தக் கடை!

திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் மாமா பார்த்துவிட்டார்.

"அட, மச்சான்! வா, வா!" படியிறங்கி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ நாளாச்சு! கடை எப்படிப் போகுது மச்சான்?"

வேலை கேட்டு வந்தேன் என்று இந்த ஆளிடமா சொல்வது?

"எனக்கென்ன மாமா? அமோகமா போகுது. கூட்டம் ஜாஸ்தி. யாரையும் ஏமாத்தாம பொழைக்கிறவனுக்கு என்ன கொறை?"

அந்தக் குத்தல் மாமாவுக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அது போதும் மச்சான். அது போதும் எனக்கு."

"யோவ் சுப்பராயலு!" கடைக்குள்ளிருந்து ஒரு அதட்டல். "வாசல்ல என்னய்யா பேச்சு? மேல் தட்டுலேருந்து அந்த மூட்டைய இறக்கு!"

"தோ வந்துட்டேன் முதலாளி!"

மாமா உள்ளே ஓடினார். ஸ்டூலில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

மணவாளனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது மாமா கடை இல்லியா?"

"அவருக்கு ஏதுடா கடை? கொண்டாந்த சரக்கெல்லாம் வித்துத் தின்னாச்சு. இங்க வேலைக்கு நிக்கிறாரு."

"அப்போ காம்ப்ளெக்ஸ்காரங்க குடுத்ததெல்லாம்?"

அக்கா கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா நீ அன்னைக்கு அவர ஏசினது இன்னும் என் காதுலயே இருக்குடா. ரெண்டு கடைக்கும் ஒரே கதவு நம்பரு. சாய்ப்புக்கெல்லாம் எடம் கெடையாது, ஒரு கடைதான் தருவோம்னுட்டாங்க. 'அத எங்க மச்சானுக்கே குடுத்துடுங்க'ன்னாரு. அப்படின்னா மொதல்ல நீங்க காலி பண்ணுங்கன்னாங்க. ஒரு வார்த்தை பேசாம லாரிய கொண்டாந்துட்டாரு."

"எங்கிட்ட ஏன்கா சொல்லல?"

"தெரிஞ்சா நீ வாங்கிக்க மாட்டியாம். பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கான், அவன் நல்லா இருக்கட்டும்னாரு."

மணவாளன் கடைப் படியில் ஏறினான்.

"யாருப்பா அங்க?" முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "வேலைக்கு ஒருத்தர் வர்றாருன்னு கடலூர்லேருந்து சொன்னாங்களே, நீதானா அது?"

ஸ்டூல் மேல் நின்றிருந்த மாமா மூட்டையோடு திரும்பிப் பார்த்தார்.

மணவாளன் மாமாவைப் பார்த்தான்.

"இல்லீங்க. துணி எடுக்க வந்தேன்."

மாமா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் தோளில் கை போட்டார்.

"என்ன முதலாளி, இவரப் போயி வேலைக்கு வந்த ஆளான்னு கேட்டுட்டீங்க? எங்க மச்சான் இவரு. முதுநகர்ல முதலாளி!"