மூன்று பேர் சோபா

‘அட்ஜஸ்ட்’ என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று எங்கள் எதிர்வீட்டு ஜெயகௌரி அக்காவைக் கேட்க வேண்டும். பஸ்ஸில் சொன்னால் நகர்ந்து உட்காருவாள். மாமியார் சொன்னபோது வேலையை விட்டாள். புருஷன் சொன்னபோது இன்னொருத்தியையும் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் அவனும் அந்த இன்னொருத்தியிடமே போய்விட்டான். இப்போது தனியாக இருந்தும், மூன்று பேர் சோபாவில் ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் டிவி பார்க்கிறாள். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன்.

“நடுவுல உக்காந்தாத்தான் என்னக்கா? யாரு வந்து அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லப்போறா?”

“அதான், யாருமே சொல்றதில்ல” என்றாள்.

பிறகு எனக்காக இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். பாதி உடம்பு சோபாவுக்கு வெளியே இருந்தது. நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.