இடது கை

மெஷினில் நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. "இவ்வளவு சர்க்கரை இருந்தா இன்னைக்கு கீமோ ஏத்த மாட்டாங்கய்யா. அநேகமா அடுத்த வாரம்தான்" என்றாள் நர்ஸ். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கீமோ அது. தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையில நூத்தி அறுபதுதான் சிஸ்டர் இருந்துச்சு" என்றாள் அவர் மனைவி புஷ்பா. "ரெண்டே ரெண்டு கேழ்வரகு தோசைதான் குடுத்தேன். மாவுல அரிசி கூடிப்போச்சோ என்னவோ. என் தப்புதான்." அவருக்கு ஆகாத எதையும் நான்கு மாதமாக அவளும் தொட்டதில்லை.

கீமோ தொடங்கியதிலிருந்து அவர் நாக்குக்கு எல்லாமே துருப்பிடித்த ஆணியாக இருந்தது. சற்றுமுன் அவள் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றபோது, கேண்டீன் தூணுக்குப் பின்னால் நின்று ஒரு ஜாங்கிரி தின்றார். அது மட்டும் ஜாங்கிரியாகவே இருந்தது. பாகு வழிந்த விரல்களை நக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே விரலைத்தான் ஊசிக்கு நீட்டியிருந்தார்.

நர்ஸ் எண்ணைக் குறிக்கப் பேனாவைத் திறந்தாள்.

"சிஸ்டர்" என்றார். வலது கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

நர்ஸ் ஒருகணம் அவரையே பார்த்தாள். "கேண்டீன் பக்கம் போயிட்டு வந்தீங்களாக்கும்? விரல்ல இனிப்பு ஒட்டியிருந்தா மெஷின் ஏத்திக் காட்டும்" என்று சிரித்தபடி இடது விரலில் ஊசியைக் குத்தினாள்.

மெஷினில் விநாடிகள் ஐந்து, நான்கு என்று இறங்கத் தொடங்கின. புஷ்பா அதைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையை வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.