பின்னால் இருந்தவரின் கப்

“ஸ்ட்ராவை யார் குத்தினது?”

போலீஸ்காரர் ஃபோன்டெனோ முதலில் கேட்டது இதுவா, லைசென்ஸையா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. அன்று வண்டி ஓட்டிய ஆல்சிட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். ஸ்ட்ரா விஷயம் மட்டும் மாறாது.

எங்கள் லூசியானாவில் வண்டியை விட்டு இறங்காமலே கடை ஜன்னலில் டாக்கிரி வாங்கலாம். ரம் கலந்த ஐஸ். மூடியில் டேப் ஒட்டித் தருவார்கள். ஸ்ட்ரா செருகாதவரை அது மூடிய சரக்கு. செருகிவிட்டால் குற்றம்.

“ஒடீல் குத்தினாங்க சார். பின்னால இருக்கிற குளோவிஸோட பொண்டாட்டி. போற வழியில எனக்கு ஒண்ணு வேணும்னு இவர் முன்னாடியே சொல்லிவெச்சிருந்தாராம்.”

“அதுக்கு ஏம்ப்பா இப்படி ஊர்ந்துக்கிட்டுப் போறே?”

“கப் அவர் நெஞ்சுமேல நிக்குது. கவிழ்ந்துடக் கூடாதுல்ல.”

“குடிச்சாரா?”

“ஒரு வாய்கூட இல்ல. செவ்வாய்க்கிழமையோட விட்டுட்டார்.”

ஃபோன்டெனோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

“சட்டையில கேமரா ஓடுது. பார்த்துட்டேன். யார் பேர்லயாவது எழுதியே ஆகணும்.”

“என் பேர்ல எழுதினா லைசென்ஸ் போயிடும் சார். ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு. வண்டி ஓட்டுறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

லாரி ஒன்று கடந்து போனது. கப்பின் வெளிப்புறம் வியர்த்துக்கொண்டிருந்தது.

“கப் தன்னோடது இல்லேன்னு இவர் சொல்றாரா?”

“இல்ல சார்.”

“அப்போ ஒத்துக்கிட்டார்.” ஃபோன்டெனோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். “பதினாலாம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லு.”

“சொல்றேன். வர்றது கஷ்டம்.”

“வராட்டி பிடிவாரண்ட்.”

“அதுக்கெல்லாம் பயப்படுற நிலையில இவர் இல்ல சார்.”

ஆல்சிட் இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். ஃபோன்டெனோ சார்ஜென்ட் ஆகிவிட்டார். ஒடீல் சனிக்கிழமைதோறும் ஒரு கப் வாங்குகிறார். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஸ்ட்ரா. குளோவிஸ் கோர்ட்டுக்கு வரவில்லை. அவர் மீதான பிடிவாரண்ட் இன்னும் நிலுவையில் இருக்கிறது. சீட்டு எழுதிய அன்றே காலை பதினொரு மணிக்கு, அந்தச் சீட்டையும் சவப்பெட்டிக்குள் வைத்து, அவரை அடக்கம் செய்துவிட்டோம்.